செவிக்குழல் முதல் சில்லு வரை

என் தாய்மாமன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வயது 78. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய பிள்ளைகள் நல்ல விலை கொடுத்து அவருக்கு ஒரு செவித்துணைக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். சென்ற கோடை விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்தபடியே அத்தை அவரை மூன்று முறை அழைத்தார். மாமா செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. "காதில் மாட்டுகிற கருவி எங்கே மாமா?" என்று அருகில் போய்க் கேட்டேன். பீரோவைக் காட்டினார். வேட்டி அடுக்குக்கு அடியில், வாங்கிய பெட்டியிலேயே அது பத்திரமாக இருந்தது.

"மிக்சி இரைச்சல் கேட்குது. தெருவில போற பஸ்ஸோட ஹாரன் கேட்குது. மனுஷன் பேசுறது மட்டும் புரியலை. அப்புறம் எதுக்கு மாப்பிள்ளே இது?" என்றார்.

இயற்பியல் கற்பிக்கும் ஒருவனுக்கு இது சங்கடமான கேள்வி. ஒலிவாங்கி, பெருக்கி, மின்கலம், ஒலிப்பான் என்று கரும்பலகையில் படம் வரைந்து ஒரு செவித்துணைக் கருவியை அரைமணி நேரத்தில் விளக்கிவிடலாம். ஆனால் எல்லா உறுப்புகளும் சரியாக வேலை செய்யும் ஒரு கருவி ஏன் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதற்கான விடை இக்கருவியின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம். பெரிய கருவி சிறிய கருவியான கதை என்றே இதைப் பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் சிறுமையால் நாம் இழந்தது ஒன்று உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமை பெறும்.

கையே முதற்கருவி

காது மந்தமானவர் உள்ளங்கையைக் குவித்துக் காதின் பின்னே வைத்துக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதுவே மனிதனின் முதல் செவித்துணைக் கருவி. குவித்த கை புறச்செவியின் பரப்பைப் பெரிதாக்குகிறது. முன்னாலிருந்து வரும் ஒலியைக் கூடுதலாகத் திரட்டுகிறது. பின்னாலிருந்து வரும் இரைச்சலை ஓரளவு தடுக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான அதிர்வெண்களில் இதனால் ஏறத்தாழ 5 முதல் 10 டெசிபல் வரை ஆதாயம் கிடைக்கும். 10 டெசிபல் என்றால் ஒலியின் செறிவு பத்து மடங்கு என்று பொருள்.

இந்தக் கை இன்னொரு வேலையையும் செய்கிறது. அதைக் கண்டவுடன் பேசுபவர் தம்மையறியாமல் ஓரடி முன்னே வருகிறார், நிறுத்திப் பேசுகிறார். அதாவது, கை ஒலியைத் திரட்டுவதோடு, எதிரில் இருப்பவருக்குச் செய்தியும் சொல்கிறது.

ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், 1775-ஆம் ஆண்டையொட்டித் தம்மைத் தாமே வரைந்துகொண்ட ஓர் ஓவியத்தில் இப்படித்தான் காதருகே கையைக் குவித்துக் காட்சி தருகிறார். அவர் அன்றைய லண்டனின் புகழ் பெற்ற ஓவியர், செவித்திறன் குறைந்தவர். விருந்துகளில் வெள்ளியாலான செவிக்குழல் ஒன்றையும் பயன்படுத்தினார். தம் குறையை அவர் மறைக்கவில்லை; ஓவியமாகவே தீட்டி வைத்தார்.

குழலும் அரியணையும்

குவித்த கையின் இடத்தில் ஒரு கூம்பை வைத்தால் அது செவிக்குழல். ஊமத்தம்பூவைப் போல வாய் அகன்று அடி குறுகிய குழாய் அது. அகன்ற வாய் நிறைய ஒலியாற்றலைத் திரட்டும். குறுகிய முனை அதைச் செவித்துளைக்குள் செலுத்தும். ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இது வழக்கில் இருந்தது. 1800-ஆம் ஆண்டில் லண்டனில் எஃப். சி. ரைன் என்பவர் செவிக்குழல்களை விற்பனைக்காகவே செய்யத் தொடங்கினார். தகரம், வெள்ளி, ஆமையோடு எனப் பல பொருள்களில் அவை கிடைத்தன.

ரைன் நிறுவனம் செய்தவற்றுள் மிகப் பெரியது ஓர் அரியணை! போர்ச்சுகல் நாட்டு மன்னர் ஆறாம் ஜானுக்காக 1819-இல் அது செய்யப்பட்டது. அதன் கைப்பிடிகள் வாய் பிளந்த சிங்கத் தலைகளாகச் செதுக்கப்பட்டிருந்தன. மன்னரிடம் பேச வந்தவர்கள் முழந்தாளிட்டு அந்தச் சிங்க வாய்க்குள் பேச வேண்டும். ஒலி கைப்பிடி வழியாக இருக்கைக்கு அடியில் இருந்த அறைக்குச் சென்று, அங்கிருந்து ஒரு குழாய் மூலம் மன்னரின் காதை அடையும்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் இதிலுள்ள இயற்பியலைக் கவனியுங்கள். ஒலிச் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு பாதியானால் செறிவு நான்கு மடங்கு. நான்கு மீட்டர் தள்ளி நின்று பேசியவர் கால் மீட்டருக்கு வந்துவிட்டால், கணக்குப்படி செறிவு 256 மடங்கு. டெசிபலில் சொன்னால் 24. எனவே, செவிக்குழலின் ஆதாயத்தில் பெரும்பங்கு கூம்பின் வடிவத்தால் மட்டும் வந்ததன்று. பேசுபவரின் வாயைக் குழலின் வாய்க்குக் கொண்டுவந்து சேர்த்ததால் வந்தது. மன்னருடைய சிங்கம் உண்மையில் செய்தது அதைத்தான்.

இதை நன்றாக உணர்ந்து செய்யப்பட்ட ஒரு கருவியும் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தது. வளையக்கூடிய நீண்ட குழாய். ஒரு முனை கேட்பவர் காதில், மறு முனையிலுள்ள புனல் பேசுபவர் கையில். பெயரே உரையாடற்குழாய். ஒருவர் தனியே வைத்துக்கொண்டு அதனால் பயனில்லை.

இசைமேதை பீத்தோவனுக்கும் செவிக்குழல்கள் இருந்தன. தாளக்கருவியான மெட்ரோனோமால் பெயர் பெற்ற மெல்சல், 1812-ஆம் ஆண்டையொட்டி அவருக்குச் சில குழல்களைச் செய்து கொடுத்தார். ஆனால் குழலால் திரட்ட மட்டுமே முடியும். புதிதாக ஆற்றலைச் சேர்க்க முடியாது. பீத்தோவனின் செவித்திறன் மேலும் மங்கியபோது குழல்கள் பயனற்றுப் போயின. 1818 முதல் நண்பர்கள் தாங்கள் சொல்ல வந்ததைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினார்கள்.

ஹாரியட் மார்ட்டினோவின் குழல்

செவிக்குழலை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன சாதிக்கலாம் என்பதற்கு ஹாரியட் மார்ட்டினோ சிறந்த எடுத்துக்காட்டு. 1802-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்த இவர், இளமையிலேயே செவித்திறனை இழந்தார். பிறகு அரசியல், பொருளாதாரம், சமூகம் பற்றி எழுதிப் பெரும்புகழ் பெற்றார். செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒரு கடிதமாக 1834-இல் இவர் எழுதிய கட்டுரை, குறையை மறைக்காமல் வெளிப்படையாக வாழுங்கள் என்று தம்மைப் போன்றவர்களுக்கு எடுத்துச் சொன்னது.

அதே ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுற்றினார். அந்த நாட்டின் சமூகத்தைப் பற்றி 1837-இல் ஒரு நூல் வெளியிட்டார். காது கேளாதவர் எப்படி ஒரு நாட்டை அறிந்து எழுத முடியும் என்ற கேள்வி எழும் என்று அவருக்குத் தெரியும். நூலின் முன்னுரையிலேயே அதற்கு விடை சொன்னார். கூட்டத்தில் பொதுவாகப் பேசப்படுவது தமக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் தம் குழலுக்கு மனிதர்களை அருகே ஈர்க்கும் ஆற்றல் இருக்கிறது. தனித்தனியே அமர்ந்து பேசும்போது மற்றவர்களைவிடத் தாம் அதிகமாகவே தெரிந்துகொண்டதாக அவர் எழுதினார்.

குழலைக் கையில் நீட்டியவுடன், பேச வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். உட்கார்ந்தவர் மனம் விட்டுப் பேசுகிறார். மார்ட்டினோவின் குழல் கேட்பவருக்கு மட்டுமன்றிப் பேசுபவருக்கும் ஒரு வேலை கொடுத்தது. நம் கதையின் பிற்பகுதியில் இதை மறந்துவிடக் கூடாது.

தொலைபேசியின் பிள்ளை

1876-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தாய் செவித்திறன் குறைந்தவர். மனைவி முற்றிலும் கேளாதவர். பெல் தம்மைக் காது கேளாதோரின் ஆசிரியராகவே கருதியவர். அடுத்த ஆண்டு, தாமும் செவித்திறன் குறைந்தவரான எடிசன் கரி ஒலிவாங்கியை உருவாக்கினார்.

கரி ஒலிவாங்கியின் தத்துவம் எளியது. மெல்லிய தகடு ஒன்று ஒலியால் அதிர்ந்து, பின்னாலுள்ள கரியை அழுத்தியும் தளர்த்தியும் விடுகிறது. அழுத்தம் கூடும்போது மின்தடை குறைகிறது. மின்கலத்திலிருந்து அதன் வழியே ஓடும் மின்னோட்டம் ஒலிக்கேற்ப ஏறி இறங்குகிறது. இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மின்னோட்டத்திலுள்ள ஆற்றல் பேசுபவரின் தொண்டையிலிருந்து வருவதன்று, மின்கலத்திலிருந்து வருவது. குழலால் முடியாத ஒன்று, அதாவது ஆற்றலைச் சேர்ப்பது, முதன்முறையாக முடிந்தது.

இந்தத் தத்துவத்தைச் செவித்துணைக் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த முதற்கருவி மேசைமேல் வைக்கத்தக்கது. 1902-இல் வந்த 'அகூஸ்டிகான்' கையில் எடுத்துச் செல்லத்தக்கது. பரம்பரையாகவே செவித்திறன் குறைந்தவரான இங்கிலாந்தின் அரசி அலெக்சாண்டிரா அவருடைய கருவியைப் பயன்படுத்தி, அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தார். இதே ஹட்சிசன்தான் பின்னாளில் மோட்டார் வண்டிகளுக்கான 'கிளாக்சன்' ஹாரனையும் உருவாக்கினார். காதைச் செவிடாக்க ஒரு கருவி, பிறகு கேட்க வைக்க ஒரு கருவி என்று அந்நாளில் அவரைக் கேலி செய்தார்களாம்!

கரிக்கருவிக்குக் குறைகளும் இருந்தன. குறுகிய அதிர்வெண் வீச்சை மட்டுமே அது கடத்தியது. கரித்துகள்கள் இறுகிவிட்டால் தட்டிக் குலுக்க வேண்டும். எப்போதும் ஒரு கரகரப்பு. மிகக் கடுமையான குறைபாடு உடையவர்களுக்கு அது போதவில்லை.

வால்வுகள் வந்தன

1906-இல் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வெற்றிடக் குழலை, அதாவது வானொலிப் பெட்டிகளில் நம் முன்னோர் கண்ட வால்வை, உருவாக்கினார். மின்குறிப்புகளை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெருக்கலாம் என்ற நிலை பிறந்தது. அமெரிக்காவில் 1921-இல் விற்பனைக்கு வந்த 'வாக்டுஃபோன்' என்ற வால்வுக் கருவியின் எடை ஏறத்தாழ 3 கிலோ. அதை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கா போக முடியும்?

1930-களின் பிற்பகுதியில் வால்வுகள் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கின. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உடலில் அணியத்தக்க கருவிகள் வந்தன. அவற்றை அணிந்தவரின் அன்றாட வாழ்வைச் சற்று நினைத்துப் பாருங்கள். வால்வின் இழையைச் சூடாக்க ஒரு மின்கலம். தகட்டுக்கு உயர்ந்த மின்னழுத்தம் தர இன்னொரு மின்கல அடுக்கு. இந்தப் பொதியை இடுப்பிலோ தொடையிலோ கட்டிக்கொள்ள வேண்டும். பெருக்கி மார்பில் தொங்கும். அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. ஒலிவாங்கி மார்பில் இருப்பதால், துணி உராயும் ஓசையெல்லாம் காதில் இரைச்சலாகும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சின்னஞ்சிறு வால்வுகளின் வழித்தோன்றல்கள் வேறொரு வேலைக்குப் போயின. இலக்கை நெருங்கியதும் குண்டைத் தானே வெடிக்கச் செய்யும் ரேடியோ விசைக்குள் அவை அமர்ந்தன. மெல்லிய குரலைக் கேட்க வைத்த வால்வு, பெரு முழக்கத்துக்கும் துணை போனது. போருக்குப் பின் அந்த அனுபவம் மீண்டும் செவித்துணைக் கருவிக்கே திரும்பிவந்து, கருவியை மேலும் சிறிதாக்கியது.

அரசு கொடுத்த கருவி

இதுவரை கருவி, விலை கொடுக்க வல்லவர்களுக்கே கிடைத்தது. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணித்திட்டம் தொடங்கியபோது இந்த நிலை மாறியது. மருத்துவ ஆராய்ச்சிக் குழு போர்க்காலத்தின் இறுதியிலேயே அறிவியலாளர்களைக் கொண்டு, செவித்திறன் குறைந்த பெரும்பாலோருக்குப் பொருந்தும் ஒரு பொதுக்கருவியின் இலக்கணத்தை வகுக்கச் செய்திருந்தது. அதன்படி செய்யப்பட்ட கருவிக்கு, அக்குழுவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'மெட்ரெஸ்கோ' என்று பெயரிட்டார்கள்.

மெட்ரெஸ்கோ உடலில் அணியும் வால்வுக் கருவி. மின்கலத்துக்குத் தனிப்பை, காதுக்குக் கம்பி. அழகென்று சொல்ல முடியாது. ஆனால் கருவியும் இலவசம்; பழுது பார்ப்பதும் மின்கலமும்கூட இலவசம். தொழிலாளரும் இல்லத்தரசிகளும் முதியோரும் பெருந்திரளாக வந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. செவித்துணைக் கருவி தனிமனிதரின் வசதிப்பொருள் என்ற நிலை மாறிச் சமுதாயத்தின் பொறுப்பாகவும் ஆகலாம் என்பதை அந்தப் பட்டியல் காட்டியது. மார்பில் தொங்கிய அந்தப் பெட்டி எல்லோர் கண்ணிலும் பட்டது. கடைக்காரரும் அஞ்சலகப் பணியாளரும் அதைக் கண்டு நிமிர்ந்து நின்று தெளிவாகப் பேச வாய்ப்பிருந்தது.

டிரான்சிஸ்டரின் முதல் வாடிக்கையாளர்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகியோரின் ஆய்வில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு எந்தப் பொருளில் வந்தது என்று என் மாணவர்களைக் கேட்டால், எல்லோரும் ரேடியோ என்பார்கள். தவறு. செவித்துணைக் கருவியில்தான் வந்தது.

1952-ஆம் ஆண்டின் இறுதியில் 'சோனோடோன் 1010' என்ற கருவி கடைக்கு வந்தது. அதில் வால்வு இரண்டு, டிரான்சிஸ்டர் ஒன்று. விலை 229.50 டாலர். டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-இன் இறுதியில்தான் வந்தது. கிரகாம் பெல்லின் நினைவைப் போற்றி, செவித்துணைக் கருவி செய்பவர்களுக்கு மட்டும் டிரான்சிஸ்டருக்கான உரிமத் தொகை வேண்டாம் என்று உரிமையாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

இழையைச் சூடாக்க வேண்டியதில்லை. உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டியதில்லை. எனவே இரண்டு மின்கலப் பொதிகளும் மறைந்து ஒரு சிறு மின்கலம் போதுமானதாயிற்று. தொடக்கத்தில் உடற்சூடும் வியர்வையும் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்தன. அந்தக் குறை விரைவில் களையப்பட்டது. சில ஆண்டுகளில் செவித்துணைக் கருவிகளிலிருந்து வால்வு அடியோடு மறைந்தது. செவித்துணைக் கருவிக்குத் தேறாத டிரான்சிஸ்டர்களை ரேதியான் நிறுவனம் 1953 முதல் வேறு எண்ணிட்டுப் பொழுதுபோக்காளர்களுக்கு விற்றது. அமெரிக்க மாணவர்கள் பலர் தங்கள் முதல் ரேடியோவைக் கட்டியது அவற்றைக்கொண்டுதான்.

தொகுப்புச் சுற்று எனப்படும் சில்லும் இவ்வாறே 1964-இல் ஒரு செவித்துணைக் கருவி வழியாகத்தான் மக்களிடம் வந்தது. மின்னணுவியலின் புதுமைகளைத் துணிந்து முதலில் வாங்கியவர்கள் செவித்திறன் குறைந்த மக்களே. இதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

மறைக்கும் ஆசை

கருவி சுருங்கியதும் அதற்குப் புதிய இடங்கள் கிடைத்தன. 1950-களின் நடுவில் மூக்குக்கண்ணாடியின் காம்புக்குள் அது புகுந்தது. பிறகு காதின் பின்னே வளைந்து அமர்ந்தது. பிறகு காதுக்குள்ளேயே நுழைந்தது. மற்றவர் கண்ணில் படாது என்பதே விளம்பரங்களின் முதல் வாக்குறுதி ஆயிற்று. பெண்களுக்குத் தலைமுடியிலும் அணிகலன்களிலும் மறைக்கும் வகைகள்கூட வந்தன.

1983 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ரீகன் தம் 72-ஆம் வயதில் செவித்துணைக் கருவியுடன் மக்கள் முன் தோன்றினார். திரைப்பட நடிகராக இருந்த காலத்தில் காதருகே வெடித்த துப்பாக்கியால் அவருடைய செவித்திறன் குறையத் தொடங்கியது. அவர் அணிந்த செய்தி வெளிவந்ததும் அந்நாட்டில் விற்பனை உயர்ந்தது. எனினும் அவரைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் விரும்பியது, காதுக்குள் அடங்கி மறையும் சிறு கருவியையே.

சிறுமைக்கு ஒரு விலை உண்டு. ஒலிவாங்கியும் ஒலிப்பானும் நெருங்கிவிட்டால், வெளியேறிய ஒலி மீண்டும் உள்ளே புகுந்து விசிலடிக்கும். கூட்டங்களில் ஒலிபெருக்கி கூவுகிறதே, அதே காரணம்தான். மின்கலம் அரிசிப்பொரி அளவானால், நடுங்கும் விரல்களால் அதை மாற்ற முடியாது. மிகச் சிறிய கருவிகளில், தூண்டல் சுருள் வைக்க இடம் இருக்காது. இது என்ன சுருள்? அரங்கைச் சுற்றிப் பதித்த கம்பி வளையத்தில் பேச்சுக்கேற்ற மின்னோட்டம் ஓடினால், ஃபாரடேயின் விதிப்படி கருவியிலுள்ள சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். அரங்கின் இரைச்சல் எதுவும் கலவாமல் பேச்சு மட்டும் காதை அடையும். இதற்கு இங்கிலாந்தில் 1937-இலேயே காப்புரிமை பெறப்பட்டது. இத்தனை பயனுள்ள உறுப்பை, மறைக்கும் ஆசைக்காக மக்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விலை ஒன்று உண்டு. கருவி மறைந்ததும், பேசுபவருக்குக் கிடைத்துவந்த செய்தியும் மறைந்தது. கையைக் குவித்தபோது, குழலை நீட்டியபோது, மார்பில் பெட்டி தொங்கியபோது அவர் அருகே வந்தார். இப்போது அடுக்களையிலிருந்தே பேசுகிறார்.

ஓசை வேறு, சொல் வேறு

மாமாவின் கேள்விக்கு வருவோம். மிக்சி கேட்கிறது, பேச்சு ஏன் புரிவதில்லை?

முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணும் மிகுந்த ஆற்றலும் உடையவை. மெய்யொலிகள் பலவற்றின் அடையாளமோ உயர் அதிர்வெண்களில், மிகக் குறைந்த ஆற்றலில் இருக்கிறது. எனவே தட்டு, பட்டு, கட்டு ஆகிய மூன்றும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே விழுகின்றன. ஓசை கேட்கிறது, சொல் கேட்கவில்லை. நாம் கத்தினால் உயிரொலிதான் பெருக்கிறது. அத்துடன், சேதமுற்ற உட்செவியில் மெல்லொலி கேட்காது. பேரொலியோ மற்றவர்களுக்குப் போலவே உறைக்கும். அதனால்தான் "என்ன?" என்று கேட்டவரே, நாம் உரக்கச் சொன்னதும் "ஏன் கத்துகிறாய்?" என்கிறார். அவர் வம்பு செய்யவில்லை.

1996-ஆம் ஆண்டையொட்டி டென்மார்க் நிறுவனங்கள் முழு இலக்கமுறைக் கருவிகளை, அதாவது டிஜிட்டல் கருவிகளை, விற்பனைக்குக் கொண்டுவந்தன. இவை ஒலியை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக்குகின்றன. பிறகு, அந்தக் காதுக்கு எந்த அதிர்வெண் எவ்வளவு குறைவோ அவ்வளவே கூட்டுகின்றன, மெல்லொலியை மிகுதியாகவும் பேரொலியைக் குறைவாகவும் பெருக்குகின்றன, விசிலை அடக்குகின்றன. மிகப் பயனுள்ள முன்னேற்றம் இது. ஆனால் இரைச்சலையும் பேச்சையும் முழுதாகப் பிரிக்க இன்றுவரை எந்தச் சில்லாலும் முடியவில்லை. அடுக்களையிலிருந்து வரும் குரலோடு மிக்சியின் இரைச்சலும் ஒலிவாங்கிக்குள் புகுந்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே பெருகும்.

நான்கு மீட்டர் தொலைவிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் பேச்சு 12 டெசிபல் உயரும். எதிரொலிக்கும் அறையில் இது சற்றுக் குறையலாம். மிக்சியின் இரைச்சல் அப்படியே இருக்கும். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செலவில்லாமல் தருவது இந்த மூன்று மீட்டர் நடைதான். மிக்சியை நிறுத்திவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை.

பேசுபவரின் பங்கு

உலகில் செவித்துணைக் கருவியால் பயன்பெறக் கூடியவர்களுள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. விலை பெருந்தடை, அதில் ஐயமில்லை. 2022-இல் அமெரிக்கா, மிதமான குறைபாடு உடைய பெரியவர்கள் மருத்துவச் சீட்டின்றியே கடையில் கருவி வாங்க வழிசெய்தது. இளைஞர் அணியும் காதொலிப்பான்கள் சிலவற்றுக்கும் செவித்துணைப் பணி செய்ய 2024-இல் அங்கே அனுமதி கிடைத்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிவது இனி யாருக்கும் வெட்கமாக இராது.

ஆனால் விலை கொடுத்து வாங்கியவர்களும் கழற்றி வைக்கிறார்களே, அவர்களுக்கு என்ன செய்வது? முதலாவது, கருவியை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. செவித்திறன் நிபுணரிடம் சென்று இரண்டு மூன்று முறையாவது அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகள் திடீரென வந்தால் மூளை திணறும். அவற்றுள் எதைத் தள்ளுவது, எதைக் கொள்வது என்று அது மீண்டும் பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒருவரோடு, நாளுக்குச் சில மணி நேரம் போதும். சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் தொடங்கக் கூடாது. மூன்றாவது, நம் ஊர் வியர்வையிலிருந்து அதைக் காக்க, இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா களிம்பு மணிகள் இட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

நான்காவது நம் வேலை. அருகே வருவது, முகம் பார்த்துப் பேசுவது, கத்தாமல் நிறுத்திச் சொல்வது, புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பக் கத்தாமல் வேறு சொல்லால் சொல்வது. சிங்க வாயில் பேசிய அரசவையினரும், மார்ட்டினோவின் குழலில் பேசிய அமெரிக்கர்களும் இதை அறிந்திருந்தார்கள். கருவி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. இன்றைய கருவி கண்ணுக்குத் தெரியாததால் நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த விடுமுறையில் மாமாவை அருகிலுள்ள நகரத்துக்கு அழைத்துப் போய்க் கருவியைத் திருத்தி வந்தோம். அத்தையிடமும் இந்த மூன்று மீட்டர் கணக்கைச் சொன்னேன். "அதுக்கு நான் வேலையை விட்டுட்டு வரணுமா?" என்று முதலில் சலித்துக்கொண்டார். சென்ற மாதம் மீண்டும் போனபோது, அடுக்களையில் மிக்சி நின்றது. அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கூடத்துக்கு வந்து, மாமாவின் எதிரே நின்று, "சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கவா?" என்று கேட்டார்.

"தட்டு வேண்டாம், இலை போடு. மாப்பிள்ளை வந்திருக்கான்ல" என்றார் மாமா.